மூடி உள்ளவை, மூடி இல்லாதவை

பெருமாள்மலைத் திருப்பத்தில்
பத்து முறை குனிந்தால்
ஏழு முறை அது ஆரஞ்சுத் தோல்தான்,
பஸ் ஜன்னலிலிருந்து யாரோ உரித்துப் போட்ட கமலா.
மீதி மூன்றில் ஒன்று பிளாஸ்டிக்.
மற்ற இரண்டும் நான் தேடி வந்த கிண்ணக் காளான்.
வெட்டுமண் மேட்டில்
ஓரம் கிழிந்து, உள்பக்கம் பளபளத்து,
கொட்டிவிடாமல் எதையோ ஏந்திக்கொண்டு.

"இதுக்கு உங்க பக்கம் என்ன பேர்?" என்றேன் சடையனிடம்.
"திங்கலாமா?"
"கூடாது."
"அப்புறம் பேர் எதுக்கு?"

டப்பாவைத் திறந்து லேசாக ஊதினால்
உஸ் என்று ஒரு புகை கிளம்பும்.
லட்சம் பைகள் ஒரே மூச்சில் வெடிப்பது அது.
பைக்கு எட்டு வித்தணு,
பட்டாணித் தொலிக்குள் அடுக்கியதுபோல.
சில பைகளின் நுனியில் மூடி இருக்கும்,
தூக்குவாளி மூடிபோல, கீல் வைத்து.
சிலவற்றில் மூடி இல்லை, துளை மட்டும்.
அங்கேதான் வழி பிரிகிறது.

மூடி உண்டு: ஏழுக்குப் போ.
மூடி இல்லை: இரண்டுக்குப் போ.
அயோடின் சொட்டில் நுனி நீலமாகிறதா,
விளிம்பில் இமைபோல் ரோமம் உண்டா,
காட்டெருமைச் சாணத்திலா, கரிந்த மண்ணிலா.
இறங்கிக்கொண்டே போனால்
கடைசிப் படியில் ஒரு பெயர் உட்கார்ந்திருக்கும்.
இருபது வருடம் இப்படித்தான் இறங்கினேன்.

பாம்பார் சோலையில், வேரடியில் எடுத்த
தவிட்டு நிறக் கிண்ணம் ஒன்று,
நகக்கண் அளவு.
ஒன்பது வருடத்துக்கு முன் அதை
ஒரு குடும்பத்தில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.
இந்தச் செவ்வாய்க்கிழமை மரபணு அறிக்கை வந்தது.
அந்தக் குடும்பம் இல்லையாம்.
அதன் பங்காளி மண்ணுக்கடியில்
கிண்ணமே இல்லாமல் உருண்டையாக,
கிழங்குபோல் வாயை மூடிக்கொண்டு கிடக்கிறானாம்.
ஒரு முழம் தள்ளி, அதே தவிட்டு நிறத்தில்
அச்சாக அதைப்போலவே நின்ற இன்னொன்றோ
யாரோ, எவரோ.

கிண்ணம் என்பது குலம் இல்லை.
ஒரு வசதி.
தூவுவதற்கு வாய் திறந்து வைத்திருக்கும் வசதி,
சம்பந்தமே இல்லாத பலரும்
தனித்தனியே கண்டுபிடித்துக்கொண்டது.

அதே செவ்வாய்க்கிழமை
சடையனின் மகள் வைரமணி
கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வந்தாள்.
நர்சிங் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ்.
மூன்றாவது தடவை.
பளியர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?
தேன் எடுக்கத் தெரியுமா?
கிழங்கு தோண்டும் கம்புக்கு என்ன பேர்?
பார்த்தா அப்படித் தெரியலையே,
சுடிதார் போட்டிருக்கே.
தெரியும்: மேல்விசாரணைக்குப் போ.
தெரியாது: வீட்டுக்குப் போ.

வத்தலக்குண்டு ஹாஸ்டலில் வளர்ந்த பிள்ளை.
தேன் அவளுக்கும் பாட்டிலில்தான் வரும்.

அந்தக் கிண்ணத்திடம் நான் எதையும் கேட்டதில்லை.
கேட்காமல் சேர்த்தேன், கேட்காமல் பிரிக்கிறேன்.
அதற்குக் கல்லூரி கிடையாது.
அதற்கு வெள்ளிக்கிழமை கடைசித் தேதி கிடையாது.

உலர் மாதிரிகளை வைக்கும் அறையில் ஒரு விதி உண்டு:
பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது.
அதன் மேல் ஒட்டவும் கூடாது.
பக்கத்தில் ஒட்டு, தேதி போடு, உன் பெயர் போடு.
தப்பு யாருடையது என்று தெரிந்துகொண்டே இருக்கட்டும்.
அவளுடைய காகிதத்தில்
'நிராகரிக்கப்பட்டது' என்ற ஊதா முத்திரைக்குக் கீழே
பெயர் இல்லை. ஒரு கிறுக்கல்.

பென்சிலைச் சீவி
புதுச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.
வைரமணி மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள்.
"இதுங்ககிட்ட ஆதாரம் கேக்கிறது யாரு மேடம்?"
"நான்தான்."

அவள் சிரிக்கவில்லை.
டப்பாவின் மேல் குனிந்து ஊதினாள்.
உஸ்.
நாலாவது விண்ணப்பத்தின் மேல்
சன்னமாக ஏதோ படிந்தது.
தட்டாமல், துடைக்காமல்
மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.